சூழலியலும் மேலாண்மையும் ஒருங்கு கற்றல்

சூழலியலும் வாணிப மேலாண்மையும் இக்காலத்துக் கல்லூரிகளில் வெவ்வேறு கட்டடங்களிற் கற்பிக்கப்படுகின்றன. ஒன்றனைக் கற்பார் மற்றொன்றின் வாயிலை மிதித்தலும் அரிது. ஆயினும் மேனாட்டு மொழிகளில் இவற்றின் பழம்பெயர்கள் ஒரே வேரினின்று முளைத்தவை. கிரேக்க மொழியில் ‘ஒய்கோஸ்’ என்னுஞ் சொல் மனை எனப் பொருள்படும். மனையின் வரவு செலவை ஒழுங்குற நடத்துதல் ‘ஒய்கொனொமியா’ எனப்பட்டது. பொருளியலும் அதன் வழிவந்த மேலாண்மையும் அச்சொல்லின் மக்களும் பேரருமாம். 1866 ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல், உயிர்கள் தம் சூழலோடு கொண்டுள்ள தொடர்பினை ஆராயுந் துறைக்குப் பெயர் தேடியபோது, அம் மனைச்சொல்லையே எடுத்துக்கொண்டார். ஆகவே ஒன்று மனையை அறியும் அறிவு. மற்றொன்று மனையை ஆளும் அறிவு. நம் தமிழ் விவிலியத்தில் லூக்கா நூலின் 16 ஆம் அதிகாரத்தில் வரும் ‘உக்கிராணக்காரன்’ கிரேக்க மூலத்தில் ‘ஒய்கொனொமொஸ்’ என்றே நிற்கின்றான். பிறர் பொருளைக் காத்துக் கணக்கு ஒப்புவிப்பவன் என்பது அச்சொல்லின் பொருள். மேலாளர் என்று இன்று நாம் வழங்குஞ் சொல்லைக் காட்டிலும் உக்கிராணக்காரன் என்னுஞ் சொல்லிற் பொறுப்பு மிகுதி என்பது எம் கருத்து.

தமிழ் பயில்வார்க்கு இவ்விணைப்பு வியப்பளியாது. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்து, அவற்றினின்று தோன்றுங் கருப்பொருள்களைத் தொகுத்துக் கூறுமிடத்து, தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்பவற்றை ஒரே வரிசையில் நிறுத்துகின்றார். மக்கள் செய்யுந் தொழில் மரத்திற்கும் பறவைக்கும் புறம்பாகத் தனித்து வைக்கப்படவில்லை. இன்ன நிலத்திற்கு இன்ன மரம் உரித்தாயினாற்போல இன்ன தொழிலும் உரித்தாயிற்று. இதனைக் கொண்டு, பண்டைத் தமிழர் சூழலியலை முற்றக் கற்றிருந்தனர் என்று மார்தட்டுதல் எமக்கு உடன்பாடன்று. வகைப்படுத்தல் வேறு, அளந்து ஆராய்தல் வேறு. ஆயினும் தொழிலையும் நிலத்தையும் ஒருங்கு வைத்து எண்ணும் பழக்கம் நமக்கு அயலானதன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

இனி, இவ்விரு கல்வியையும் வெற்றிடத்தில் வைத்துப் பேசுதலினும், ஓர் ஊரின்மேல் வைத்துப் பேசுதல் தெளிவு தரும். தருமபுரிக்குத் தெற்கே, சேலஞ் செல்லும் பெருவழியில் உள்ளது நல்லம்பள்ளி. அயலே அதியமான்கோட்டை, தெற்கே சென்றால் தொப்பூர்க் கணவாய். வாரச்சந்தைக்கு ஆடுகள் திரளாக வந்து சேரும் ஊர். செம்மண், அதன்கீழ்க் கரும்பாறை, வானம் பார்த்த மேட்டுநிலம், கேழ்வரகு, புளி, மா, இடையிடையே கிணற்றுப் பாசனத்தில் தக்காளி. நிலத்தின் இயல்பு இவ்வளவே. இவ்வூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன், வணிக நிருவாகம் பயில்வதா, தாவரவியலோ சூழலறிவியலோ பயில்வதா என்று மயங்கி நிற்கின்றனர். ‘எதைப் படித்தால் வேலை கிடைக்கும்?’ என்பதே வீட்டார் வினா. அவ்வினாவைப் பழித்தல் தகாது. நிருவாகம் பயின்றவர் ஓசூருக்கோ பெங்களூருக்கோ போய்விடுகின்றனர். சூழலறிவியல் பயின்றவரும் போய்விடுகின்றனர். நிலமும் கிணறும் கணக்கறியாத முதியோர் கையில், அல்லது நிலமறியாத தரகர் கையில், எஞ்சி நிற்கின்றன. இவ்விரண்டினையும் ஒருங்கு கற்றவர் ஒருவர் அவ்வூருக்கு என்ன பயன் தருவார் என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் இந்நாட்டிற்குக் கரும்பைக் கொணர்ந்தனர் என்று ஒளவையார் பாடியதாகப் புறநானூற்றிற் செய்தியுண்டு. அயற்பயிர் ஒன்றை ஒரு நிலத்திற் கொணர்ந்து ஊன்றுதல் நீரையும் மண்ணையும் மாற்றும். சந்தையையும் அரசனின் கருவூலத்தையும் மாற்றும். இம் மாவட்டத்துப் பாலக்கோட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை எழுந்ததும், நீர் வேட்கை மிக்க அப்பயிர் வறண்ட மேட்டில் நிலைபெற்றதும் அக்கதையின் பிற்பகுதி எனலாம். அம் முன்னோர் செய்தது சூழலியலா, வாணிபமா என்று எவர் பிரித்துக் கூறவல்லார்?

மேலாண்மை கற்பார் முதலாண்டிலேயே பயிலும் ஒரு கணக்குண்டு. பின்னர் வரும் பணத்தின் இன்றைய மதிப்பு யாது என்பதே அது. இன்று கையிலுள்ள 100 ரூபாயை 10 விழுக்காட்டு வட்டிக்கு விட்டால் ஓராண்டில் 110 ஆகும்; ஆதலின் அடுத்த ஆண்டு வரவிருக்கும் 110 ரூபாயின் இன்றைய மதிப்பு 100 ரூபாயே. முறை எளிது, நேர்மையானது, கடை வைத்தவர் எவரும் கல்லாமலே அறிந்தது. இதனை நல்லம்பள்ளிப் புளியமரத்தின்மேல் ஏற்றிப் பார்ப்போம். இன்று நட்ட கன்று காய்க்க ஏழெட்டு ஆண்டாவது செல்லும். நன்கு முதிர்ந்து நூறாண்டுக்கு மேலும் நிற்கும். ஐம்பதாம் ஆண்டில் அம்மரம் 1,000 ரூபாய்ப் புளி தருமெனக் கொள்வோம். 3 விழுக்காட்டு வட்டியில் அதன் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 228 ரூபாய். 10 விழுக்காட்டில் 8 ரூபாய் 50 காசு. கிராமத்தில் ‘ரெண்டு வட்டி’ என்பார்களே, மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய், அதாவது ஆண்டிற்கு 24 விழுக்காடு. அவ்வட்டிக்குக் கடன்பட்டவர் கணக்கில் அந்த 1,000 ரூபாயின் இன்றைய மதிப்பு 2 காசு!

மரம் ஒன்றே, புளி ஒன்றே, வட்டி மாறமாற மதிப்பு 228 ரூபாயினின்று 2 காசாகத் தேய்கின்றது. சூழலியல் மட்டும் கற்றவர், ‘மரம் நடாத உழவர் அறியாமை மிக்கவர்’ என்று எளிதிற் கூறிவிடுவர். கடன்பட்டவர் மரம் நடாமை அறியாமையன்று, கணக்கறிவே என்பது மேலாண்மை கற்றவர்க்குப் புலனாகும். அதே வேளையில், நிழலும், வேரால் நிற்கும் மண்ணும், கிளையில் வாழும் பறவையும் அக்கணக்கின் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை என்பது சூழலியல் கற்றவர்க்கே புலனாகும். இரண்டும் அறிந்தவர் வினவும் வினா வேறு: மரம் நடுவார்க்கு வட்டி குறைந்த கடன் எவ்வாறு கிடைக்கும்? காய்க்குமுன் உள்ள ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஊடுபயிர் யாது? புளியை உடைத்துக் கொட்டை நீக்கும் வீட்டுத் தொழிலிற் கூலி எவ்வளவு? நீக்கிய கொட்டையும் வீணன்று; அதன் மாவு நெசவாலைகளிற் பாவுக்குக் கஞ்சி போடப் பயன்படுகின்றது. சேலம் பெருவழி நாற்சாலையாக அகன்றபோது சாலையோர மரங்கள் வெட்டுண்டன. வெட்டுமுன் அவற்றின் மதிப்பை விறகுக் கணக்கிற் போட்டோமா, காய்ப்புக் கணக்கிற் போட்டோமா, நிழற் கணக்கிற் போட்டோமா என்பதிலேதான் இவ்விரு கல்வியும் சந்திக்கின்றன.

மரத்தினும் நீரே இவ்வூர்க்கு இன்றியமையாதது. ஆழ்துளைக் கிணறு தோண்டிய உழவர் ஒருவர் நிருவாகவியல் முறைப்படி ஏடு எழுதினால், துளையிட்ட கூலி, குழாய், மோட்டார், விதை, உரம், ஆட்கூலி ஆகியவை செலவுப் பத்தியில் ஏறும். தமிழ்நாட்டில் 1990 முதல் உழவர் அனைவர்க்கும் பாசன மோட்டாருக்கு மின்சாரம் விலையின்றிக் கிடைத்து வருதலின் மின்செலவு சுழி. நீரின் விலையும் சுழி. எந்தப் பொருளுக்கு விலை சுழியோ அப்பொருளை மிகுதியாகச் செலவிடுவதே ஆதாயம் என்று அவ்வேடே கூறும். உழவர் அதன்படி நடத்தலில் தவறில்லை. சூழலியலார் ஏடு வேறாகத் தொடங்கும். பெய்த மழையில் பாறைப் பிளவுகளுட் சென்று சேர்வது எவ்வளவு, எடுப்பது எவ்வளவு என்பதே அதன் வரவும் செலவும். எடுப்பது மிகின் நீர்மட்டம் இறங்கும். இம் மாவட்டத்தில் ஆயிரம் அடிக்குங் கீழே துளைத்தல் இன்று அரிதன்று.

ஆழம் மிகுதலால் விளையும் மற்றொரு தீங்கு பல்லிலும் எலும்பிலும் தெரியும். இப்பகுதிப் பாறைகளிற் புளூரைடு கலந்த கனிமங்கள் இயற்கையாகவே உள்ளன. நீர் பாறையோடு நெடுநாள் உறைந்திருக்குமாயின் புளூரைடு அதிற் கரைந்து மிகும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருத்தலே தகும் எனவும், வேறு நீர் இல்லாவிடத்து 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் எனவும் இந்தியத் தர நிருணயம் வரையறுக்கின்றது. அதற்கு மேற்பட்ட நீரைப் பிள்ளைப் பருவத்தே பருகினார்க்குப் பற்கள் பழுப்புக் கறை ஏறும். பல்லாண்டு பருகினார்க்கு மூட்டும் முதுகும் விறைக்கும். பாறையைப் படைத்தது உழவரல்லர். ஆதலின் அவர்மேற் பழி சுமத்துதல் முறையன்று. ஆயினும் ஒருவர் ஏட்டிற் சுழியாக எழுதிய பொருள் பிறிதொரு வீட்டுக் குழந்தையின் பல்லிற் செலவாக ஏறுதலைப் பொருளியலார் புறச்செலவு என்பர். கணக்கினுள் வாராது புறத்தே நின்று, தொடர்பில்லாதார் தலையில் விழுஞ் செலவு என்பது அதன் பொருள். அச்செலவை ஈற்றில் யாரேனும் இறுத்தே தீரவேண்டும். தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்ச் செலவில் முடிந்து 2013 இல் தொடங்கிவைக்கப்பட்டது. புளூரைடு நோய்த் தணிப்பு என்பது அத்திட்டத்தின் பெயரிலேயே இடம்பெற்றுள்ளது.

இங்கே கேழ்வரகைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் பொருந்தும். இரு கல்வியும் ஒருங்கு தொழிற்பட்டு நன்மை விளைத்ததற்கு இம் மாவட்டத்திலேயே கிடைக்கும் சான்று அதுவாதலின். ஒரு கிலோ நெல் விளையச் சராசரியாக ஏறத்தாழ 2,500 லிட்டர் நீர் செல்லும் என்பர். கேழ்வரகோ மானாவாரியாகவே விளையும், செம்மண்ணை வெறுக்காது, குதிரிலிட்டால் ஆண்டுகள் கடந்தும் எளிதிற் புழுக்காது. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்துடையது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த உணவு புளூரைடின் தீங்கை மிகுவிக்கும் என்பதையும் சேர்த்து எண்ணினால், களியும் கீரையும் இந்நிலத்து முன்னோர்க்கு எத்துணைப் பொருத்தமான உணவென்பது விளங்கும். இவ்வளவும் சூழலியலாரும் உணவியலாரும் நெடுங்காலம் எடுத்தோதியவையே. எனினும் கேழ்வரகு வயல்கள் சுருங்கியே வந்தன. என்னை? விற்பனைக்கு உறுதியில்லை, நியாய விலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கின்றது, மாவாக்கும் உழைப்போ பெண்டிர் தலையில். நன்மையை எடுத்தோதினாற் பயிர் பெருகிவிடாது.

2023 மே மாதத்தில் நீலகிரி, தருமபுரி ஆகிய 2 மாவட்டங்களில் குடும்ப அட்டைதாரர்க்கு 2 கிலோ அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் ஏற்பாடு தொடங்கிற்று. அதற்கென உழவரிடம் அரசே நேரிற் கொள்முதல் செய்தது. நடுவணரசு அறிவித்த குறைந்த அளவு ஆதரவு விலை 2022-23 இல் குவிண்டாலுக்குக் கேழ்வரகிற்கு 3,578 ரூபாய், சாதாரண நெல்லுக்கு 2,040 ரூபாய். 2023-24 இல் முறையே 3,846, 2,183. விலை, கொள்முதல் நிலையம், சாக்கு, கிடங்கு, வண்டி, கடை எனத் தொடரும் இவ்வொழுங்கு முழுதும் மேலாண்மை. எந்தப் பயிருக்கு அவ்வொழுங்கினை அமைப்பது என்று தேர்ந்தது சூழலறிவு. மேலாண்மையின்றிச் சூழலறிவு மேடைப்பேச்சாய் நின்றுவிடும். சூழலறிவின்றி அமைந்த அதே கொள்முதல் முறை, நீர் குறைந்த பஞ்சாபில் நெல்லைப் பெருக்கி நிலத்தடி நீரை வற்றச் செய்தமை யாவரும் அறிவர். கருவி ஒன்றே, பயன் வெவ்வேறாயிற்று.

தக்காளியைப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. பாலக்கோட்டுச் சந்தையில் விலை வீழ்ந்த நாளிற் பறிகூலிக்கும் கட்டாதென்று பழங்களைச் சாலையோரங் கொட்டிவிட்டுப் போதல் உண்டு. கொட்டப்பட்டவை பழங்கள் மட்டுமல்ல. ஆயிரம் அடி ஆழத்தினின்று இறைத்த நீரும் உடன் கொட்டப்பட்டது. இது சந்தைக் குறையா, நீர்க் குறையா என்று பிரித்துக் கேட்டால் விடை கிடையாது.

இவ்வூர்ப் பக்கத்தார் பலர் பிழைப்புத் தேடிச் செல்லும் திருப்பூர் இன்னும் கடுமையான பாடத்தைக் கற்பித்தது. பின்னலாடைக்குச் சாயமேற்ற உப்பும் நீரும் பெருவாரியாக வேண்டும். சாயக் கழிவு நொய்யலாற்றில் ஆண்டுக்கணக்கிற் கலந்தது. பாசனத்திற்கென 1992 இற் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை அக்கழிவு தேங்குங் குட்டையாயிற்று. அதன் நீர் தம் வயலுக்கு வேண்டா என்று உழவரே வழக்காடும் நிலை வந்தது. அணை கட்டியதும் அரசு, தொழிலை வளர்த்ததும் அரசு; இரண்டையும் ஒரு தாளில் வைத்துப் பார்த்தார் இலர் போலும். கழிவு சிறிதும் வெளியேறா நிலை எய்தும்வரை சாய ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடுமாறு 2011 ஜனவரியிற் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூற்றுக்கு மேற்பட்ட ஆலைகள் நின்றன. வேலையிழந்து ஊர் திரும்பினாரும் பலர். ‘ஆற்றைக் காக்க ஆலையை மூடுக’ என்பார்க்கும், ‘வயிற்றைக் காக்க ஆலையைத் திறக்க’ என்பார்க்கும் நீதி ஓரளவே உண்டு.

பின்னர் நிகழ்ந்ததே மாணாக்கர் ஊன்றிப் பயிலத்தக்கது. மென்சவ்வு வடிகட்டிகளும் ஆவியாக்கும் கலங்களும் அமைத்து, கழிவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேற்பட்ட நீரைத் தெளிய மீட்டு மீண்டும் சாயத்திற்கே பயன்படுத்தினர். உப்புக் கரைசலும் மீட்கப்பட்டது. அரசு வட்டியில்லாக் கடன் தந்தது. இதனால் சாயக் கூலி உயர்ந்தது. உயர்ந்த கூலியை யார் ஏற்பது, ஆலையா, ஏற்றுமதியாளரா, அயல்நாட்டு அங்காடியா என்னும் வழக்கு எழுந்தது. நீரைத் தெளிவிக்கும் முறையை வேதியியலார் சொல்லினர்; ஒரு லிட்டருக்கு எத்துணைக் காசு, அதை எந்த விலையில் ஏற்றுவது என்பதை அவர் சொல்லவியலாது. இன்றும் பயன்படுத்தவொண்ணாக் கலப்பு உப்பு எஞ்சுதலின் சிக்கல் முற்றும் தீர்ந்தது என்பதற்கில்லை. 1996 இல் வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை இறுக்க வேண்டும் என்னும் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. புறச்செலவு என்று நூலிற் கற்றது அன்று முதல் ஆலை முதலாளிகளின் ஏட்டிலும் ஏறலாயிற்று எனலாம்.

இத்தகைய கல்வி எங்குக் கற்பிக்கப்படுகின்றது? நம் கல்லூரிகளிற் சூழலறிவியல் என்று ஒரு தாள் அனைவர்க்கும் உண்டு. சுற்றுச்சூழற் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டுமென 1991 இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. பின்னர்ப் பல்கலைக்கழக மானியக் குழு ஆறு திங்கட் பாடம் ஒன்றினை வகுத்து இளநிலை வகுப்பு அனைத்திற்கும் விதித்தது. நோக்கம் நன்று. ஆயின் உண்மையை மறைத்தல் ஏன்? தேர்வுக்கு முன்னாள் இரவில் ஒருமுறை புரட்டித் தேறிவிடும் தாளாகவே மாணாக்கர் பெரும்பாலார் அதனைக் கருதுகின்றனர். வணிகம் பயில்வார்க்கும் வரலாறு பயில்வார்க்கும் தமிழ் பயில்வார்க்கும் ஒரே பாடம். தத்தம் துறையோடு அது எங்கே பொருந்துமென்று எவரும் காட்டுவதில்லை. புளியமரக் கணக்கு ஒன்றையேனும் வணிக மாணாக்கர்க்கு அத்தாளிற் கொடுத்திருப்பின் அவர் அதனை மறவார்.

இரண்டினையும் உண்மையாகவே பிணைத்த இந்தியக் கல்விச்சாலை போபாலில் 1982 இல் நிறுவப்பெற்ற இந்திய வன மேலாண்மைக் கழகம். காட்டைக் காப்பார்க்கு நிதி, கணக்கு, ஆளடுக்கு, சந்தை என்பவையும், மேலாளர் ஆவார்க்குக் காட்டின் வளர்ச்சியும் காடுவாழ் மக்கள் நிலையும் ஒருசேரத் தெரியவேண்டும் என்பது அதன் கருத்து. புதுவைப் பல்கலைக்கழகத்தில் பறவையியலறிஞர் சாலிம் அலியின் பெயரால் சூழலியற் பள்ளி ஒன்று நிறுவப்பெற்றது. அதே வளாகத்தில் மேலாண்மைப் பள்ளியும் உண்டு. அயல்நாட்டில் இங்கிலாந்தின் வட ஸ்டாஃபர்ட்ஷயரில் 1949 இல் தொடங்கி, 1962 முதல் கீல் பல்கலைக்கழகம் என வழங்கும் நிறுவனம் இரு பாடங்களைச் சமமாக வைத்துப் பட்டம் அளிக்கும் முறைக்குப் பெயர்பெற்றது. ஒரே நாட்டுக் கற்றாருள் கலைவாணரும் அறிவியலாரும் ஒருவர் பேச்சு மற்றவர்க்கு விளங்காத நிலை அடைகின்றனர் என்ற கவலையே அதனைத் தோற்றுவித்தார் உள்ளத்தில் இருந்தது. நம் நாட்டிலும் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்ட வரைவு, முதன்மைப் பாடத்தோடு வேறொரு துறையைத் துணைமைப் பாடமாக ஏற்க இடந்தருகின்றது.

இக் கல்வியிலுள்ள இடர்ப்பாடுகளையும் கூறுவோம். முதலாவது, கால அளவை. மேலாண்மையின் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். காலாண்டுக்கொருமுறை கணக்குக் காட்டவேண்டும். மண் ஓரங்குலம் உண்டாக நூற்றாண்டுகள் செல்லும். இவ்விரு கடிகாரங்களையும் ஒரே மணிக்கட்டில் அணிந்துகொள்ளல் எளிதன்று. அடுத்தது, போலிமை. 2013 ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் குறித்த அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்திய மூன்றாண்டு இலாபத்தின் சராசரியில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பொறுப்பிற்குச் செலவிடுமாறு விதித்தது. பங்குச் சந்தையில் முன்னிற்கும் 1,000 கம்பெனிகள் தம் நீர், மின், கழிவுக் கணக்கை ஆண்டறிக்கையில் வெளியிடல் 2022-23 முதற் கட்டாயமாயிற்று. இவற்றால் இரு துறையும் அறிந்தார்க்கு வேலை பெருகியுள்ளது மெய்யே. வீட்டார் வினாவிற்கு இதுவே நேர்விடை. ஆயினும் அவ்வேலை, செய்த தீங்கை அழகிய தாளில் அச்சிட்டு மறைக்கும் வேலையாகவும் கூடும். இலாபக் கணக்கைப் பொய்யின்றி எழுதப் பழகியவர் நீர்க் கணக்கையும் அவ்வாறே எழுதுவாரா என்பது பாடநூல் கற்பிக்கக் கூடியதன்று.

ஏரி மேலாண்மையை ஈண்டுக் குறிப்பிடாது விடுதல் கூடாது. நம் ஊர்களில் நீர்க்கட்டி என்பார் ஒருவர் இருந்தார். மடை திறக்கும் நேரம், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, பஞ்ச காலத்தில் எந்தப் பயிரைக் கைவிடுவது என்பவற்றை அவர் அறிவார். அறுவடையில் அவர்க்குப் பங்குண்டு. சூழலறிவும் மேலாண்மையும் ஒருவர் தலையிலேயே குடியிருந்தன. ஊரார் கூடி ஏரியைத் தூர்வாரும் குடிமராமத்தை ஆங்கில அரசு 1858 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் கட்டாயமாக்க முயன்றது. 2017 இல் தமிழ்நாட்டரசு அப்பெயரால் ஏரிகளைச் செப்பஞ்செய்யும் திட்டத்தைப் புதுப்பித்தது. அமெரிக்க அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரோம், ஸ்பெயின் நாட்டு வாய்க்கால்களையும் சுவிட்சர்லாந்து மலைமேய்ச்சல் நிலங்களையும் ஆராய்ந்து, பொதுச் சொத்தைப் பயன்படுத்துவோரே தமக்குள் விதி வகுத்து நெடுங்காலங் காக்கவல்லர் என்று 1990 இல் நூல் வெளியிட்டார்; 2009 இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற முதற் பெண்மணி அவரே. ஏரியை அவ்வாறு காத்தனர். நிலத்தடி நீரையோ கண்ணாற் காண இயலாமையின் அதற்கு நீர்க்கட்டி இலர். நல்லம்பள்ளி வட்டாரத்தில் மழையையும் கிணறுகளின் நீர்மட்டத்தையும் மாதந்தோறும் அளந்து, எவ்வளவு பயிர் தாங்குமென்று விதைப்பிற்கு முன்னே ஊரார்க்குக் கூறும் ஒருவர் வேண்டும். அவர் நீரியலும் அறிந்திருத்தல் வேண்டும். ஆதரவு விலையும் கடன் வட்டியும் அறிந்திருத்தல் வேண்டும். அப்பணிக்கு இன்று எப்பட்டமும் தனித்தியங்கவில்லை.

அதற்கு அணுக விரும்பும் பிள்ளைகட்குச் சில வழிகள் உள்ளன. தாவரவியலோ விலங்கியலோ சூழலறிவியலோ எடுப்பார், துணைப்பாடமாகக் கணக்கியலையோ பொருளியலையோ இசைவுள்ள கல்லூரியிற் கேட்டுப் பெறலாம். வணிக நிருவாகம் எடுப்பார் தம் இறுதியாண்டு ஆய்வேட்டிற்கு நகரத்துக் கடையொன்றைத் தேடி அலையாது, பாலக்கோட்டுத் தக்காளியையோ தருமபுரிப் புளி வாணிபத்தையோ கொண்டு, அதில் நீருக்கும் ஒரு பத்தி ஒதுக்கி எழுதலாம். முதுநிலைக்குப் போபால் செல்ல விழைவார், மேலாண்மைக் கல்லூரிகட்குரிய பொது நுழைவுத் தேர்வினை எழுதி விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு இளநிலைப் பட்டம் இன்ன துறையில்தான் பெற்றிருத்தல் வேண்டுமென்ற வரையறை இல்லை. தமிழ் பயின்றாரும் விண்ணப்பிக்கலாம்.